பாய்ப் பள்ளிக்கூடத்து ரீச்சர்

சென்ற மாதம் துஷ்யந்தி என்னைப் பார்க்க வந்திருந்தாள். முறைசாராக் கல்விப் பிரிவில் இப்போது போதனாசிரியையாக இருப்பவள். நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய இரண்டு வருடங்கள் என்னோடு வேலை செய்தவள். தேத்தண்ணி குடித்து முடித்ததும் கைத்தொலைபேசியில் ஒரு படத்தைக் காட்டினாள். கொழும்பில் ஒரு பள்ளிக்கூடமாம். பிள்ளைகள் பாயில் வட்டமாக இருக்கிறார்கள். சீருடை இல்லை, மணி இல்லை, பரீட்சை இல்லை. ஒவ்வொரு பிள்ளையும் தன் பாட்டில் படிக்கிறதாம். அங்கே ஓர் இடம் கிடைக்கப் பெற்றோர் வரிசையில் நிற்கிறார்களாம்.

"மாற்றுக் கல்வியாம் ரீச்சர். நீங்கள் தாழ்வுபாட்டில செய்ததும் இதுதானே?" என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாங்களும் பிள்ளைகளைப் பாயில்தான் இருத்தினோம், கதிரை இல்லாதபடியால். சீருடையும் இல்லைத்தான். சீருடை வாங்க வழி இருந்திருந்தால் அந்தப் பிள்ளைகள் எங்களிடம் வந்திருக்கவே மாட்டார்கள். மணி மட்டும் இருந்தது. அது கோயில் மணி. அதை அடிப்பது எங்கள் கையில் இருக்கவில்லை.

"அந்த நேரம் சனம் என்ன சொன்னது ரீச்சர்? எழுதித் தாங்கோவன். புதுசா வாற ஆக்களுக்குக் குடுப்பம்" என்று கேட்டுவிட்டுப் போனாள். அவள் கேட்டதற்காக எழுதுகிறேன்.

நான் பள்ளிமுனைக்காரி. உயர்தரம் இரண்டு முறை எழுதியும் பல்கலைக்கழகத்துக்குப் போகிற அளவு வரவில்லை. கலியாணம் முடித்து, மகள் நிரோஷா பிறந்து, அவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பிறகுதான் இந்த வேலை வந்தது. பள்ளிக்கூடம் போகாத பிள்ளைகளுக்கு எழுத்தறிவு நிலையம் நடத்த ஆள் தேவை என்றார்கள். இரண்டு கிழமை பயிற்சி. அதில் பாதி நாள் சண்டையால் ஆட்கள் வராமல் போயிற்று. மிச்சப் பாதியில் படிவம் நிரப்பக் கற்றுக்கொண்டேன். பிள்ளைகளோடு எப்படி இருப்பது என்பதைப் பிறகு பிள்ளைகள்தான் பழக்கினார்கள்.

எனக்குக் கிடைத்த நிலையம் தாழ்வுபாட்டில் ஒரு பழைய வலை வாடி, மீன்பிடிகாரர் வலை வைக்கிற கொட்டில். கிடுகுக் கூரை, மூன்று பக்கம் தட்டி, கடற்பக்கம் திறந்திருக்கும். சோளகக் காற்று வீசுகிற மாதங்களில் கரும்பலகையை இருவர் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். பட்டினத்தில் எங்களுக்கு வைத்த பெயர் பாய்ப் பள்ளிக்கூடம். நாக்கு நீண்டவர்கள் மொக்குப் பள்ளிக்கூடம் என்பார்கள். என் சொந்தக்காரர் யாராவது என்ன வேலை என்று கேட்டால் நான் "கல்விக் கந்தோரில" என்றுவிடுவேன். அது முழுப் பொய்யும் இல்லை. சம்பளம் அந்த அலுவலகத்திலிருந்துதான் வந்தது.

முதல் கிழமை வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைக் கேட்டேன். பெர்னதெத்து என்று ஒரு பெண், கருவாடு போடுகிறவர், கடற்கரையில் சூடை மீனைத் தெரிந்து கூடையில் போட்டபடி நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். பிறகு நிமிர்ந்து பார்த்தார்.

"ரீச்சருக்குப் பிள்ளையள் இருக்கோ?"

"ஓம், ஒரு மகள்."

"அவ எங்க படிக்கிறா?"

பட்டினத்தில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொன்னேன்.

"அதானே" என்று சிரித்தார். "உங்கட பிள்ளைக்கு அங்க வாங்கு மேசை. எங்கட பிள்ளையளுக்குப் பாய்."

நான் திரும்பி நடக்கத் தொடங்கியதும் பின்னாலிருந்து கூப்பிட்டார். "எத்தினை மணிக்கு? பத்து மணிக்குப் பிறகெண்டா வலை வேலை முடிஞ்சிரும். ரெண்டு பேரை அனுப்பிறன். கடிதம் வாசிக்கிற அளவுக்குப் படிப்பிச்சு விட்டாக் காணும்." அன்றிலிருந்து எங்கள் வகுப்பு பத்து மணிக்குத் தொடங்கியது. நேரத்தை முடிவு செய்தது கந்தோர் இல்லை, பெர்னதெத்துதான்.

எனக்கு மேலே இருந்தவர் சூசைப்பிள்ளை சேர். பள்ளிக்கூட அதிபராக இருந்து இந்தப் பிரிவுக்குக் கேட்டு வந்தவர். ஏன் கேட்டு வந்தார் என்று யாருக்கும் விளங்கவில்லை. தண்டனை மாற்றம் என்றே பலர் நினைத்தார்கள். ஒல்லியான மனிதர். வெள்ளைச் சேட்டு, ஒரு பழைய சைக்கிள், ஹாண்டிலில் தொங்கும் துணிப்பை. கிழமைக்கு ஒரு முறை மேற்பார்வைக்கு வருவார். வாடிக்கு வெளியே சைக்கிளை நிறுத்திவிட்டு, பிள்ளைகளைப் பார்த்து, "நான் உள்ள வரலாமோ?" என்று கேட்பார். என்னிடம் கேட்கமாட்டார்.

ஒரு நாள் பெர்னதெத்தின் சின்ன மகள், "இருங்கோ சேர், கணக்கு முடியேல்ல" என்றுவிட்டாள். சேர் தலையாட்டிவிட்டு வெயிலில் நின்றார். கணக்கை ஐந்து பிள்ளைகள் மாறி மாறிச் செய்து முடிக்கக் கால் மணித்தியாலம் போனது. "இப்ப வாங்கோ" என்றதும் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து பாயில் இருந்தார். அந்தப் பிள்ளை சரியாகச் செய்தாளா என்று மட்டும் கேட்டார்.

கொப்பி பார்க்கும்போது கடைசிப் பக்கத்திலிருந்துதான் பார்ப்பார். "முன்பக்கம் நீங்கள் சொல்லி எழுதினது. பின்பக்கம் அவையள் தாங்களா எழுதினது" என்பார். பின்பக்கங்களில் வள்ளம் இருக்கும், ஹெலிகொப்டர் இருக்கும், யாருடையதோ பெயர் பத்துத் தரம் எழுதியிருக்கும். சேர் ஒவ்வொன்றையும் ஆறுதலாகப் பார்த்துவிட்டு, ஏதோ பெரிய உத்தியோகத்தரின் கோவையைத் திருப்பிக் கொடுப்பதுபோல் இரண்டு கையாலும் கொடுப்பார்.

எங்களிடம் மூன்று பாய்கள் இருந்தன. எழுத்துத் தெரியாதவர்கள் முதலாவதில். சொல் வாசிப்பவர்கள் இரண்டாவதில். பந்தி வாசிப்பவர்கள் மூன்றாவதில். வயது பார்ப்பதில்லை. முதற்பாய்ப் பிள்ளைகளைக் கரைக்குக் கூட்டிக்கொண்டு போவேன். இழுத்து வைத்த வள்ளங்களின் பெயர்கள்தான் அவர்களுக்கு முதல் புத்தகம். ஒரு பாயிலிருந்து அடுத்த பாய்க்குப் போக, நான் படிப்பிக்காத ஒன்றைச் சேருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அவர் துணிப்பையிலிருந்து சவர்க்காரம் சுற்றிய தாள், மருந்துச் சீட்டு, பழைய பேப்பர் துண்டு என்று எதையாவது எடுப்பார். பிள்ளை தடக்கினால் உதவி செய்ய விடமாட்டார். "பொறுங்கோ ரீச்சர், அவ வருவா" என்பார். வரும்வரை இருப்பார்.

படிவத்தில் ஒரு கேள்வி உண்டு: பாடசாலையை விட்டு இடைவிலகியதற்கான காரணம். பக்கத்தில் வறுமை, நோய், இடப்பெயர்வு என்று கட்டங்கள். சேர் அந்தக் கட்டங்களில் புள்ளடி போட விடவில்லை. பிள்ளை சொன்னதை அப்படியே எழுத வேண்டும் என்றார். 'சப்பாத்து இல்லை.' 'அப்பாவை ஆமி பிடிச்ச பிறகு போகேல்ல.' 'கடைசி வாங்கில இருக்கச் சொன்னவை.' இப்படி எழுதி அனுப்புவோம். கந்தோர் திருப்பி அனுப்பும். சேர் அதன்மேல் கையெழுத்துப் போட்டு மறுபடியும் அனுப்புவார். அவர் இருந்தவரை இந்த விளையாட்டு நிற்கவில்லை.

லெச்சுமியைப் பற்றித்தான் நான் முக்கியமாக எழுத நினைத்தேன்.

அவளுடைய தாய் தகப்பன் மலையகத்தில் தேயிலைத் தோட்டத்தில் இருந்தவர்கள். கலவரத்தில் குடியிருந்த லயம் எரிய, கைக்குழந்தையான இவளைத் தூக்கிக்கொண்டு வடக்கே வந்து பாப்பாமோட்டையில் வயல் கூலி வேலை செய்தார்கள். அங்கேயும் ஷெல் விழத் தொடங்க, வள்ளத்தில் ஏறி நாங்கள் இருக்கிற இந்தத் தீவுக்கு வந்தார்கள். தகப்பன் கிடைத்த கூலிக்குப் போனார். தாய் பெர்னதெத்தோடு கருவாட்டு வேலைக்குப் போனார். லெச்சுமியின் இடுப்பில் எப்போதும் ஒரு வயதுத் தம்பி இருந்தான்.

ஒரு நாள் வகுப்பு நடக்கும்போது தட்டிக்கு வெளியே நின்று கேட்டாள். "தம்பியத் தூக்கிக்கிட்டு வரலாமா டீச்சர்?"

அந்த மலையகப் பேச்சைக் கேட்டு எங்கள் பிள்ளைகள் சிரித்தார்கள். அவள் சிரிப்பைக் கவனித்த மாதிரிக் காட்டிக்கொள்ளவில்லை. "வாம்மா" என்றேன். உள்ளே வந்து தம்பியை மடியில் வைத்துக்கொண்டு முதற்பாயின் ஓரத்தில் இருந்தாள். பன்னிரண்டு பதின்மூன்று வயது இருக்கும். அவளுக்கே சரியாகத் தெரியாது.

அன்று மத்தியானம் படிவம் நிரப்பினேன். பாப்பாமோட்டையில் மூன்றாம் வகுப்புவரை போயிருக்கிறாள். இங்கே வந்து இரண்டு வருடமாகப் பள்ளிக்கூடம் இல்லை.

"ஏன் பிள்ளை, இங்க வந்து ஒரு பள்ளிக்கூடத்திலயும் சேரேல்லை?"

கொஞ்சம் யோசித்தாள். "யாரும் கேக்கல டீச்சர்."

அதையே எழுதினேன். சேர் அடுத்த கிழமை வந்து அந்தப் படிவத்தை வாசித்தவர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் வாசித்தார். பிறகு லெச்சுமியிடம் போய், "என்ர பேர் சூசைப்பிள்ளை. உங்கட பேர் என்ன?" என்று கேட்டார். ஒரு பெரிய மனிதர் தன் பெயரைச் சொல்லித் தன்னிடம் பெயர் கேட்பது அவளுக்குப் புதிது. தம்பியை இறக்கி வைத்துவிட்டு எழுந்து நின்று சொன்னாள்.

ஒரு வருடத்துக்குள் மூன்றாம் பாய்க்கு வந்துவிட்டாள். சேர் எங்கிருந்தோ ஐந்தாம் ஆறாம் வகுப்புப் புத்தகங்களைக் கொண்டுவந்தார். தம்பி வாயில் விரலோடு தூங்க, அவனுக்கு மேலாகக் கொப்பியைப் பிடித்துக் கணக்குச் செய்வாள். எங்கள் பிள்ளைகள் அவளிடம் கணக்குக் கேட்கத் தொடங்கிய நாளோடு அவள் பேச்சைக் கேட்டுச் சிரிப்பதும் நின்றது. இரண்டாம் வருட நடுவில் சேர் என்னை வெளியே கூப்பிட்டார்.

"இந்தப் பிள்ளையை இனி இங்க வச்சிருக்கிறது பிழை ரீச்சர். பட்டினத்தில சேர்ப்பம். ஏழாம் வகுப்பு."

அவர் சொன்ன பள்ளிக்கூடம் என் மகளின் பள்ளிக்கூடம். வகுப்பும் அதே வகுப்பு. "ஓம் சேர்" என்றேன். ஆனால் என் மனதில் முதலில் எழுந்தது சந்தோசம் இல்லை. நிரோஷாவின் சிநேகிதிகளுக்கு நான் யார் என்று தெரிந்துவிடுமே என்ற பயம்தான் எழுந்தது. இத்தனை வருடத்துக்குப் பிறகு அதை மறைத்து என்ன செய்வது?

லெச்சுமியின் தாய்க்கு வேறு கவலை. "அது பள்ளிக்கூடம் போயிருச்சுன்னா சின்னவன யாரு டீச்சர் பாக்குறது?" என்றார். அவன் எங்களோடு வாடியில் இருக்கட்டும் என்றேன். அது சுலபம், அவன் ஏற்கெனவே ஒன்றரை வருடம் எங்கள் பாயில் தூங்கியவன்.

அந்தப் பள்ளிக்கூடத்தின் அதிபர் அம்மாவைச் சேர் போய்ப் பார்த்தார். மரியாதையாக இருத்தி, தேத்தண்ணி கொடுத்து, "நான் பிள்ளையில குறை சொல்லேல்லை. பெற்றோர் என்ன சொல்லுவினமோ தெரியாது. அடுத்த கூட்டத்தில கேட்டுப் பாப்பம்" என்றாராம்.

அந்தக் கூட்டத்தில் நான் இருந்தேன், நிரோஷாவின் தாயாக, மூன்றாவது வரிசையில். அதிபர் விசயத்தைச் சொன்னதும் சத்தம் எழும்பிவிட்டது.

"வாடியில இருந்து வாற பிள்ளை மீன் மணத்தோட வந்து எங்கட பிள்ளையளுக்குப் பக்கத்தில இருக்கிறதோ?"

"வயசும் கூடவாம். வேண்டாததெல்லாம் பழக்கும்."

"அந்தப் பாய்ப் பள்ளிக்கூடத்தில என்னத்தைப் படிச்சிருக்கும்?"

என் பக்கத்தில் இருந்த பெண் நல்லவர். கோயிலில் எனக்கு இடம் பிடித்து வைப்பவர். என் பக்கம் திரும்பி, "நீங்கள் கல்விக் கந்தோரில தானே. நீங்கள் சொல்லுங்கோவன்" என்றார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அந்தப் பிள்ளைக்கு எழுத்து மறந்திருந்ததும், அது திரும்பி வந்ததும், பின்னக் கணக்கு விளங்கிய அன்று அவள் தம்பியைத் தூக்கிச் சுற்றியதும் எனக்கல்லாமல் அந்த மண்டபத்தில் யாருக்கும் தெரியாது. நான் சொன்னது இதுதான்: "சட்டம் என்னெண்டு பாக்கோணும்."

இடம் இல்லை என்று முடிந்தது.

மறுநாள் லெச்சுமியிடம் சொன்னேன். "பரவால்ல டீச்சர்" என்றாள். அன்று பின்னேரம்வரை அவள் கொப்பியைத் திறக்கவில்லை. சேரிடம் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். சைக்கிள் செயினைச் சரி செய்துகொண்டிருந்தவர் நிமிரவில்லை. "தாயாப் போனால் பயம் வரும்தான்" என்றார். செயினை மாட்டி முடித்ததும், "நாளைக்கு அவவின்ர வயசுப் பத்திர அலுவலைப் பாப்பம்" என்றார். அவர் திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

லெச்சுமிக்குப் பிறப்புப் பத்திரம் இல்லை. பதிந்தார்களோ, பதிந்தது எரிந்ததோ, யாருக்கும் தெரியாது. அப்படியானவர்களுக்கு உத்தேச வயதுப் பத்திரம் ஒன்று எடுக்கலாம். பதிவுகளைத் தேடி இல்லை என்று கடிதம், கிராம சேவகரின் கடிதம், தாயின் சத்தியக் கடதாசி, கடைசியில் வைத்தியரின் சான்று. வைத்தியர் அவள் வாயைத் திறக்கச் சொல்லிப் பல்லைப் பார்த்தார், உயரம் அளந்தார், பதின்மூன்று என்று எழுதினார். கந்தோரில் எழுதுவினைஞர் மாதமும் திகதியும் கேட்டார். தாய்க்கு மழைக்காலம் என்பது மட்டும்தான் ஞாபகம்.

"சரி, ஒரு திகதி சொல்லுங்கோ" என்றார் எழுதுவினைஞர்.

லெச்சுமி தம்பி பிறந்த மாதத்தையும் திகதியையும் சொன்னாள். அவனும் மாரி மழையில் பிறந்தவன்தான். வெளியே வந்ததும், ஏன் அந்தத் திகதி என்று கேட்டேன். "ரெண்டு பேருக்கும் ஒரே நாளுன்னா அம்மாவுக்கு ஞாபகம் இருக்கும்ல டீச்சர்" என்றாள்.

இதற்கிடையில் சேர் சுற்றுநிருபங்களைக் கிண்டி, முறைசாராக் கல்வியில் படித்த பிள்ளைக்குத் தகுதிப் பரீட்சை வைத்துச் சேர்க்கலாம் என்ற பந்தியைக் கண்டுபிடித்து, பரீட்சை வைக்கும்படி மேலிடத்துக் கடிதமும் வாங்கிவிட்டார். அதிபர் அம்மா ஒரு நாளைக் குறித்தார். காலை ஒன்பது மணி.

பெர்னதெத்து தன் மூத்த மகளின் உறுதிபூசுதல் உடுப்பைப் பிரித்து, கைப்பக்கம் அவிழ்த்து நீட்டி, லெச்சுமிக்கு வெள்ளைச் சட்டை தைத்துக் கொடுத்தார். அன்று காலை நான் போனபோது அவள் கிணற்றடியில் தேசிக்காய்ப் பாதியைப் பிழிந்து கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். விரல் நுனியெல்லாம் சிவந்திருந்தது. கூட்டத்தில் பேசியதை அவளுக்கு யார் சொன்னார்களோ தெரியாது. "காணும் பிள்ளை" என்று தேசிக்காயை வாங்கி எறிந்தேன்.

சேர் முன்னுக்கு ஒரு சைக்கிளில். நான் அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு இன்னொன்றில். பட்டினத்துக்கு முன்னாலிருந்த ஆமிச் சென்றியில் சோதனைக்கு மறித்துவிட்டார்கள். உள்ளே சுற்றிவளைப்பாம். யாரையும் விடவில்லை. வெயில் ஏற ஏற வரிசை நீண்டது. ஒன்பதானது, பத்தானது. சேர் போய்க் கடிதத்தைக் காட்டினார். ஆமிக்காரனுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. லெச்சுமி வரிசையில் நின்றபடி மனதுக்குள் ஏதோ வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தாள். அவளுடைய பாஸ், அகதிகளுக்குக் கொடுக்கும் தற்காலிக அனுமதிச் சீட்டு. அதை இரண்டு தரம் வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். பாதை திறந்து நாங்கள் பள்ளிக்கூடத்துக்குப் போய்ச் சேர பதினொரு மணி.

அதிபர் அம்மா கந்தோர் வாசலில் நின்றார். "நேரம் முடிஞ்சுது. வராத பிள்ளை எண்டு எழுதிப் போட்டன். நான் என்ன செய்ய?"

"சென்றியில மறிச்சுப் போட்டாங்கள்" என்றார் சேர்.

"எல்லாருக்கும்தான் மறிக்கிறாங்கள். பெற்றோரும் ஏற்கெனவே வேண்டாமெண்டவை. நான் எங்க கொண்டுபோய் இருத்திறது? ஆர் தங்கட பிள்ளைக்குப் பக்கத்தில விடுவினம்?"

சேர் வாயைத் திறக்க முன் நான் பேசிவிட்டேன்.

"என்ர மகளுக்குப் பக்கத்தில இருத்துங்கோ. நிரோஷா. ஏழாம் வகுப்பு. நான் கல்விக் கந்தோரில இருக்கிறதில்லை, மிஸ். அந்தப் பாய்ப் பள்ளிக்கூடத்து ரீச்சர் நான்தான். அண்டைக்குக் கூட்டத்தில சொல்லாமல் இருந்திட்டன். ரெண்டு வருசம் இந்தப் பிள்ளை என்னோட இருந்தது. என்ர பிள்ளைக்குப் பக்கத்தில இருந்தால் என்ர பிள்ளைதான் பழுதாகும். பழுதாகட்டும்."

அதிபர் அம்மா என்னைப் பார்த்தார், லெச்சுமியைப் பார்த்தார். பக்கத்து வகுப்பில் பாடம் சொல்லிக்கொண்டிருந்த ரீச்சர் நிறுத்திவிட்டார், எல்லாம் கேட்டிருக்கும். "உள்ள வாங்கோ" என்றார் கடைசியில்.

கணக்கு முதலில். பத்தில் ஒன்பது சரி. பிறகு அலுமாரியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து, வேண்டுமென்றே மேல் வகுப்புப் பாடம் ஒன்றை விரித்துக் கொடுத்தார். லெச்சுமி தடக்காமல் வாசித்துக்கொண்டு போனவள் நடுவில் நிறுத்திவிட்டாள். சேர் வழக்கம்போலப் பொறுத்துக்கொண்டிருந்தார்.

"இது என்னங்க மிஸ், ஒப்புரவு? அர்த்தம் தெரியாம வாசிச்சா தப்பாப் போயிரும்."

அதிபர் அம்மா மேசைக்கு மேலால் குனிந்து அந்தச் சொல்லைப் பார்த்தார். "ஊரோட ஒத்து வாழுறது. தன்னட்ட இருக்கிறதை மற்றவைக்கும் குடுத்து வாழுறது" என்றார்.

"அப்ப கடன் குடுக்குறதுங்களா?"

"இல்லைப் பிள்ளை, கடன் திரும்பி வரும்..." என்று தொடங்கியவர் கதிரையை இழுத்து அவளுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். ஒரு குளத்தை உதாரணம் சொன்னார். லெச்சுமி இன்னொரு கேள்வி கேட்டாள். அதற்கும் சொன்னார். இப்படியே கொஞ்ச நேரம் போயிற்று. அந்த அம்மா நல்ல ஆசிரியர் என்பது எனக்கு அன்றுதான் தெரிந்தது. நாங்கள் இரண்டு பேரும் அந்த அறையில் இருப்பதையே அவர் மறந்துவிட்டார். விளக்கி முடித்து நிமிர்ந்தபோது அவர் முகம் மாறியிருந்தது. பதிவேட்டை எடுத்து, "வயசுப் பத்திரம் இருக்கோ?" என்று கேட்டார்.

நிரோஷா நான்கு நாள் என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் அழுதுகொண்டு, "ஏன் என்ர பேரைச் சொன்னனீங்கள்? எல்லாரும் என்னைப் பாய் எண்டு கூப்பிடினம்" என்றாள். பக்கத்தில் இருத்தி, வாடியில் என்ன நடக்கிறது என்று முதல் தடவையாக அவளுக்கு முழுக்கச் சொன்னேன். சேர் வெயிலில் நின்ற கதைக்கு மட்டும் சிரித்தாள்.

ஒரு தவணை போன பிறகு, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது திடீரென்று சொன்னாள்: "அம்மா, லெச்சுமி கணக்கில என்னைவிடக் கெட்டிக்காரி. எனக்கு அது பிடிக்கேல்லை." இருவரும் உயிர்ச் சிநேகிதிகள் ஆனார்கள் என்று எழுத ஆசைதான், ஆகவில்லை. ஆனால் சாதாரண தரம்வரை ஒரே வாங்கில் இருந்தார்கள். கூட்டத்தில் மீன் மணத்தைப் பற்றிப் பேசிய அம்மாவின் மகள் எட்டாம் வகுப்பில் லெச்சுமியிடம்தான் கணக்குக் கொப்பி இரவல் வாங்கினாள்.

சனத்தின் பார்வை அதோடு மாறிவிட்டது என்று துஷ்யந்தி நினைக்கக் கூடாது. அடுத்த வருடம் இன்னும் மூன்று பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனோம். ஒருவரைத்தான் எடுத்தார்கள். சேர் மற்ற இரண்டு பேருக்கும் வேறு பள்ளிக்கூடங்களின் படிகளை ஏறி இறங்கினார். ஓய்வு பெறுகிற நாள்வரை ஏறினார். ஓய்வு பெற்று நெடுங்காலம் இருக்கவும் இல்லை. பள்ளிமுனைச் சேமக்காலையில் அவரை அடக்கிய அன்று வாடிப் பிள்ளைகள் எல்லோரும் வந்திருந்தார்கள். வாசலில் தயங்கி நின்றவர்களை நான்தான் உள்ளே கூப்பிட்டேன்.

சமாதானக் காலம் வந்து பாதை திறந்ததும் லெச்சுமியின் குடும்பம் பாப்பாமோட்டைக்குத் திரும்பியது. அவள் சாதாரண தரம் சித்தியடைந்திருந்தாள். கணக்குக்கு அதிவிசேட சித்தி. உயர்தரம் படிக்க வீட்டில் வசதிப்படவில்லை. ஒரு நாள் பஸ் எடுத்து என் வீட்டுக்கு வந்தாள். சேலை கட்டியிருந்தாள். நடை பழகாத பிள்ளையாக வாடிக்கு வந்த அந்தத் தம்பி, இப்போது அவள் தோளுயரத்துக்கு வளர்ந்து பக்கத்தில் நின்றான். கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞர் வேலைக்கு விண்ணப்பிக்கிறாளாம். நற்சான்றுக்குத் தெரிந்தவர் ஒருவரின் கையெழுத்து வேண்டும்.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிவத்தை வாசித்தேன். கல்வி கற்ற பாடசாலைகள் என்ற இடத்தில் மூன்று வரி. பாப்பாமோட்டைப் பள்ளிக்கூடம் முதலாவது. பட்டினத்துப் பள்ளிக்கூடம் மூன்றாவது. நடுவில், அவளுடைய உருண்டையான எழுத்தில்: முறைசாராக் கல்வி நிலையம், வலை வாடி, தாழ்வுபாடு.

"உந்த நடு வரியை ஏன் பிள்ளை எழுதினனீ?" என்றேன். "பட்டினத்துப் பள்ளிக்கூடத்தின்ர பேர் காணும். உதைப் பாத்தினமெண்டா ஒரு மாதிரி நினைப்பினம். வேலை தராமல் விட்டாலும் விடுவினம்."

அவள் நான் என்ன சொல்கிறேன் என்று விளங்காமல் என்னைப் பார்த்தாள்.

"அங்கதானே டீச்சர் படிச்சேன். வேற என்னன்னு எழுதுறது?"

அந்த வேலை அவளுக்குக் கிடைக்கவில்லை. காரணம் அந்த நடு வரியா, சிபாரிசு இல்லாததா, எனக்குத் தெரியாது. அடுத்த வருடம் வேறொரு கந்தோரில் கிடைத்தது. அந்த விண்ணப்பத்திலும் அதே மூன்று வரிகளைத்தான் எழுதினாளாம்.

அன்று நான் பேனையை எடுத்துக் கையெழுத்துப் போட்டேன். கையெழுத்துக்குக் கீழே பதவி என்று ஓர் இடம் இருந்தது. அதில் 'ஆசிரியை, முறைசாராக் கல்வி நிலையம்' என்று எழுதத் தொடங்கினால், கட்டத்துக்குள் அடங்கவில்லை. ஓரத்தில் சரிந்து, கீழ் வரிக்கும் இறங்கி, வாடியின் பெயரையும் சேர்த்து எழுதி முடித்தேன். லெச்சுமி மை காயும்வரை படிவத்தை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.